பதினைந்தாவது மட்டை

ஓசூரில் வேலைக்குப் போகிற எவருக்கும் ஒரு கம்பெனி இருக்கும், ஒரு ஷிஃப்ட் இருக்கும், தெருமுனையில் வந்து நிற்க ஒரு பஸ் இருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் இந்த ஊரிலேயே அதிகம் உழைத்தவர், எங்கள் மாடியில் எதிர்வீட்டுப் பெனால்டி மாமாதான். அவர் கோல்ஃப் ஆட்டக்காரர். பொழுதுபோக்குக்கு அல்ல, பிழைப்புக்கு.

குடிவந்த அன்று ஹவுஸ் ஓனர் விசாரித்தார்.

"எந்த கம்பெனிங்க?"

"கோல்ஃப் ஆடுறேங்க."

"ஆடுங்க, உடம்புக்கு நல்லது. வேலைக்கு எங்க போறீங்க?"

"அதாங்க வேலை."

ஓனர் விடவில்லை. "பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?"

சொல்லப்போனால் கான்ட்ராக்ட்தான். மாமா தளிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பெங்களூரில் பெரிய மனிதர்களின் மட்டைப் பையைத் தூக்கப் போய், அப்படியே ஆடக் கற்றுக்கொண்டவர். தகுதிச் சுற்றில் தேறினால் ஒரு வருடத்துக்கு டூர் கார்டு கிடைக்கும். கார்டு இருந்தால்தான் பெரிய போட்டிகளில் ஆடலாம். அது ஒரு வருடம் கிடைக்கும், ஒரு வருடம் கை நழுவும்.

கோல்ஃபில் குறைவான அடியில் பந்தைக் குழியில் சேர்ப்பவருக்குத்தான் வெற்றி. கூடவே விசில் ஊத நடுவர் வரமாட்டார். தப்பு செய்தால் நாமே சொல்லி, நம் கணக்கில் நாமே அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் பெனால்டி. மாமாவின் சிக்கல் என்னவென்றால், அந்தச் சட்டத்தை அவர் மைதானத்தோடு விட்டுவிட்டு வரவில்லை.

ஒருநாள் காலை கதவைத் தட்டினார். "அக்கா, உங்க கோலத்த ஓரமா மிதிச்சிட்டேன்."

நான் எட்டிப் பார்த்தேன். "ஒண்ணும் தெரியலையேண்ணா."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல. பெனால்டி." சொல்லிவிட்டு, கீழே இருந்த என் தண்ணீர் கேனைத் தூக்கி வந்து வைத்தார். தண்ணீர் லாரி வரிசையில் ஒருமுறை தெரியாமல் ஓர் ஆளைத் தாண்டி நின்றுவிட்டு, தானே கடைசிக்குப் போனார். அவர் முறை வருவதற்குள் லாரி போய்விட்டது. (வயதில் மூத்தவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். கடைசிவரை இருவரும் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.)

பால் வாங்கப் போனால் நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். போகிறவர்கள் நின்று அவர்களும் தேட ஆரம்பிப்பார்கள்.

"என்னங்க விழுந்துடுச்சு, மோதிரமா?"

"ஒண்ணும் விழலீங்க. ரோடு லெஃப்டுல சாயுது, பந்து எப்படி ஓடும்னு பாக்குறேன்."

மாலையில் எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த வராண்டாவில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்துப் பந்தை உருட்டுவார். பந்தோடு கன்னடத்தில்தான் பேசுவார். "ஹோகு, ஹோகு" என்று விரட்டுவார். பெங்களூர் பந்தாம், தமிழ் புரியாதாம்.

அப்போது என் மகள் தன்யாவுக்கு மூன்று வயது. பந்து அவள் கண்ணில் பட்டுவிடுமோ, வாயில் போட்டுக்கொள்வாளோ என்று நான் வாசலிலேயே நிற்பேன். போனில் தேடிப் பார்த்தேன், அந்தப் பந்து அந்த வாயில் நுழையாது. ஆனாலும் நின்றேன். மாமாவோ ஒரு பழைய மட்டையை அறுத்து, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி, அவள் உயரத்துக்கு ஒன்று செய்து கொடுத்துவிட்டார். அடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் எண்ணக் கற்றுக்கொடுத்தார். ஆட்டக்காரர் பையில் பதினாலு மட்டைதான் இருக்கலாம். ஒன்று கூடினாலும் பெனால்டி.

அந்த வருடம் பர்கூரிலிருந்த அவர் மாமனார் பொறுமை இழந்துவிட்டார். தெரிந்தவரின் கிரானைட் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை பேசிவைத்திருந்தார். "இந்த தடவ கார்டு வரலைன்னா, பையப் பரண்ல போட்டுட்டு வந்து சேருங்க மாப்ள." மாமாவும் ஒப்புக்கொண்டார்.

தகுதிச் சுற்றுக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை பையை வராண்டாவில் வைத்து, தன்யாவோடு சேர்ந்து உரக்க எண்ணினார். பதினாலு. சரியாக இருந்தது. பையைச் சுவரில் சாய்த்துவிட்டு சாப்பிடப் போனார்.

கடைசிச் சுற்று முடிந்து மாமா திரும்பி வந்தார். பையிலிருந்து தன்யாவின் குட்டி மட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தா தங்கம், உன் ஸ்டிக்கு. மாமா பத்திரமா வச்சிருந்தேன்."

அவர் மனைவி ஜெயாதான் மீதியைச் சொன்னாள். "மொத நாளு, மூணாவது குழிகிட்ட நின்னு பைக்குள்ள கைய விட்டா, அடியில பாப்பா ஸ்டிக்கு. கூட ஆடுனவரு, 'பொம்ம தானேப்பா, விடு'ன்னாராம். இவரு, 'பொம்மயில்ல சார், நானே செஞ்ச ஸ்டிக்கு'ன்னு போட்டி நடத்துறவங்களக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு. நாலு அடி பெனால்டி."

"கார்டு?"

"மூணு அடியில போச்சு."

தன்யாவைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டி போட்ட?"

"மாமா ஸ்டிக்கு எல்லாம் கனம். மாமாக்குக் கை வலிக்கும். என்னுதுதான் லேசு."

அவளை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மாமா கையை ஆட்டி நிறுத்தினார். "அக்கா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எண்ண வேண்டியவன் நான். என் பெனால்டிய நீங்க எடுத்துக்காதீங்க."

அடுத்த மாதம் பர்கூருக்கு வண்டி ஏறினார்கள். பை பரணுக்குப் போகவில்லை என்று ஜெயா போனில் சொல்கிறாள். பாலிஷ் போட்ட கிரானைட் பலகையைப்போல் பந்து ஓடும் தரை உலகத்திலேயே இல்லையாம். சாப்பாட்டு நேரத்தில் மாமா உருட்டுகிறாராம். இப்போது மாமனாரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிரே குந்துகிறாராம்.

தன்யா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். போன வாரம் மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நல்லா எண்ணுறா. ஆனா பதினாலு வந்ததும் கைய கட்டிக்கிட்டு நின்னுடுறா. அதுக்கு மேல பெனால்டியாம். வீட்டுல கொஞ்சம் சொல்லிக்கொடுங்க."

தினமும் சாயங்காலம் உட்காருகிறோம். பதினாலு வரை வந்ததும், எனக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.