உப்பில்லாத நிச்சயதார்த்தம்

ஒரு வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் இன்னொருவர் தானாகவே டாக்டராகிவிடுவார். எங்கள் வீட்டில் சிறுநீரகம் பழுதானது அப்பாவுக்கு, டாக்டரானது நான். படித்தது பி.காம். (அதிலும் ஒரு பேப்பர் பாக்கி.)

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற பஜாரில் அப்பாவுக்குப் பலசரக்கு மொத்தக்கடை. உப்பு, புளி, மிளகாய், காயம். ஊரில் பாதிப் பேர் தன் கடை உப்பைத்தான் தின்கிறார்கள் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. கல்யாண வீட்டுக்குப் போனால் சாம்பாரை ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, காயம் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுவார். எங்கள் கடைக் காயமாக இல்லாவிட்டால் மறு சாம்பார் கேட்கமாட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். உப்பு கூடாது, ஊறுகாய் கூடாது, பப்படம் கூடாது, இளநீரும் வாழைப்பழமும் கூடவே கூடாது. காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி சமைக்க வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். (காயின் சுயமரியாதையும் கூடவே போய்விடும்.) குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. அம்மா இதையெல்லாம் தனிப் பாத்திரத்தில் செய்து, தனி நேரத்தில், தனியாக உட்காரவைத்துக் கொடுப்பாள். அப்பா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். தோளில் சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்க ஆரம்பித்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

ஆசுபத்திரி டயட்டீஷியன் ஒரு மலையாளிப் பெண். என்னைவிட வயதில் சின்னவள், ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"அச்சன் ஒண்ணும் சாப்பிடுறதில்லல்லோ. ரத்தத்தில புரோட்டீன் குறஞ்சு குறஞ்சு போகுது," என்றாள்.

"நீங்கதானே மேடம் குறைச்சுச் சாப்பிடச் சொன்னீங்க."

"அது டயாலிசிஸ் தொடங்குறதுக்கு முன்னே. இப்போ நல்லா சாப்பிடணும். முட்டை வெள்ளை, மீன், சோறு, எல்லாம் கூடுதல் வேணும். இல்லெங்கில் உடம்பு தன்னைத்தானே தின்னும், கேட்டோ."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அப்பாவைச் சாப்பிடவைப்பதே என் வாழ்க்கை லட்சியம் என்று ஆனது. அந்த நேரம் பார்த்து என் தங்கை செல்விக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு நல்ல இடம் குதிர்ந்தது. வலியசாலையில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மாற்றியதும் சம்பந்திகள் இருவரும் முதல் பந்தியில் இலையோடு இலை சேர்த்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பெரியவர்கள் பேச்சுவார்த்தை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அப்பாவோ பந்திக்கு வரமாட்டேன் என்றார்.

"எல்லாரும் ஒண்ணு திங்க, நான் மட்டும் வேற தின்னா அது பந்தி இல்லலே, வார்டு. சம்பந்தி கண்ணுக்கு நான் நோயாளியாத்தான் தெரிவேன்."

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். அப்பாவுக்குத் தனிச் சாப்பாடு போட்டால்தானே வம்பு? எல்லாருக்குமே அப்பாவின் சாப்பாட்டைப் போட்டுவிட்டால்?

அம்மாவிடம் சொல்லவில்லை, செல்வியிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம், "ஒரே சாப்பாடுதான், ஒரே பந்திதான், நீங்க வந்து உக்காருங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்," என்றேன். விருந்து சமைக்கிற தவசிப்பிள்ளையைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, செத்தவீட்டுப் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குக்கூட நான் உப்புப் போடாம வச்சதில்ல. இது நிச்சயம்."

"டாக்டர் உத்தரவு," என்றேன். அந்த டாக்டர் நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

அவியலுக்கான காய்கள் இரண்டு முறை குளித்துவிட்டு வந்தன. சாம்பார், சாம்பார் என்ற பெயரில் வந்தது. ஊறுகாய், பப்படம், நேந்திரங்காய் உப்பேரி, ரசம், மோர், பழம் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பாயசம் ஒரு சின்னக் கரண்டி. எல்லாருடைய டம்ளரிலும் பாதித் தண்ணீர். எங்கே அப்பா கை நீட்டி எடுத்துவிடுவாரோ என்று யார் இலையிலும் உப்பு வைக்கவில்லை. சமையல்கட்டு உப்பு ஜாடியை என் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிச் சாவியை ஜட்டியில் செருகியிருந்தேன். (லட்சியவாதி.)

பந்தி ஆரம்பித்தது. சாதாரணமாக முதல் பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம், உறிஞ்சுகிற சத்தம், சித்தப்பாக்களின் சத்தம் எல்லாம் கேட்கும். அன்றைக்கு ஆசுபத்திரி வராந்தா மாதிரி இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு வாய் எடுத்தார்கள், நின்றார்கள், பக்கத்து இலைக்காரரைப் பார்த்தார்கள். தனக்கு மட்டும்தான் நாக்கு போய்விட்டதோ என்ற சந்தேகம் வரிசையாக எல்லார் முகத்திலும் வந்து போயிற்று.

சம்பந்தி பெரிய மனிதர். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. பேச்சில் மரியாதை, சாப்பாட்டில் கண்டிப்பு. என்னைச் சைகையால் அழைத்தார்.

"மக்கா, கொஞ்சம் உப்பு கொண்டா."

"தீந்துபோச்சு மாமா," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "சாலையில மொத்தக்கடை வச்சிருக்கவரு வீட்டு விசேஷத்துல உப்பு தீந்துபோச்சா?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கூடத்தில் பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. அம்மா வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் செல்வி, பட்டுப்புடவையில், என்னை அடுப்பில் வைக்கிற பார்வையோடு.

"எங்க பக்கம் இலையில மொதல்ல வைக்கது உப்பு. அத வைக்கலைன்னா ஒறவு வேண்டாம்னு அர்த்தம்," என்றார் சம்பந்தி. குரலை உயர்த்தவில்லை. கை இலையை மடிக்கப் போயிற்று.

அப்போது அவர் பக்கத்தில் அப்பாவின் உடம்பு குலுங்கியது. போச்சு, ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். குனிந்து பார்த்தால் மனிதர் சிரிக்கிறார். சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். அவர் இலை காலி. சோறு, பருப்பு, அவியல் ஒன்றும் மிச்சமில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அப்பாவின் காலி இலையைப் பார்த்தேன்.

"சம்பந்தி, சாப்பாடு எப்படி?" என்று கேட்டார் அப்பா.

"மனுசன் திம்பானா இத?"

"அதைத்தான் நானும் தெனமும் சொல்லுதேன். இந்தப் பய நம்பமாட்டேங்கான்." என்னைக் காட்டினார். "டயாலிசிஸ்காரன் சோறு இது. நான் தனியா உக்காந்து திங்கக் கூடாதுன்னு ஊரையே ஆசுபத்திரியில சேத்துட்டான். உம்மகிட்ட எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல, கேட்டேரா."

சம்பந்தி அப்பாவின் இலையைப் பார்த்தார். டயாலிசிஸ் ஊசித் தழும்பேறிய மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மடிக்கப் போன இலையை மறுபடி நீவி விரித்தார்.

"மக்கா, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு. அவரு திங்குதவரைக்கும் நானும் இருக்கேன்."

இரண்டு பேரும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் மரியாதைக்காகக் கொஞ்சம் கொறித்துவிட்டு, மண்டபத்து மூலைக்கடையில் போய்ப் பழம்பொரி தின்றார்கள். நிச்சயம் நிலைத்தது. செல்வி கல்யாணம்வரை என்னோடு பேசவில்லை.

டயட்டீஷியனிடம் போய்ச் சொன்னபோது தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் பத்தியமோ? எண்ட பகவானே." பிறகு, "அச்சன் எவ்வளவு சாப்பிட்டாரு?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "அப்போ சாப்பாடு இல்ல பிரச்சினை, தனியா இருக்கிறதாக்கும்," என்றாள். எல்லாருக்கும் உப்பில்லாமல் சமைத்து, அப்பாவுக்கு எடுத்துவைத்தபின் மற்றவர்களுக்கு உப்புப் போடச் சொன்னாள். அவருக்கு ருசிக்கு இஞ்சி, மிளகு, கொத்தமல்லி. தினமும் யாராவது ஒருவர் அவரோடு அவர் சாப்பாட்டையே சாப்பிட வேண்டும். வீட்டில் முறை வைத்துக்கொண்டோம். என் முறை வரும் நாளில் அப்பா கூடுதலாக ஒரு கரண்டி சாப்பிடுவார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. கொஞ்சம் கொஞ்சமாகத் தோளுக்குச் சட்டை பொருந்தியது. செல்வி கல்யாணத்தைப் பார்த்தார், பேரனைத் தூக்கினார்.

இன்றைக்கும் நாகர்கோவிலுக்குப் போனால் என் இலையில் முதலில் ஒரு கைப்பிடி உப்பு விழும். நான் கும்பிட்ட பிறகுதான் சோறு. என் கல்யாணப் பந்தியிலும் நாகர்கோவில் சம்பந்தி ஒரு முழு உப்புப் பாக்கெட்டோடு வந்து நின்றார். போட்டோ இருக்கிறது.

பிறகு அப்பா போனார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குச் சம்பந்தி வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் யாரையும் உட்காரவிடவில்லை. உப்போடு வந்தவனைத் தடுத்து, சமையல்கட்டிலிருந்து தனக்கு மட்டும் உப்பில்லாமல் கொண்டுவரச் சொன்னார்.

"இன்னைக்கு அவரு சோறுதான் எனக்கு."

இரண்டு வாய் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வாயில் நிறுத்தி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மக்கா, அவரு பெரிய மனுசன். என்னால முடியல. உப்பு கொண்டா."

இந்தத் தடவை ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.