பச்சையை நம்பாத மனிதர்

கல்கத்தா முழுக்கத் தேடினாலும் பச்சை விளக்கைக் கண்டு பயப்படுகிற ஒரே மனிதர் எங்கள் சந்தேகம் சார்தான். சிக்னலில் பச்சை விழுந்தால் ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்து நிறுத்திவிடுவார். "கொஞ்சம் நில்லும்வே. எதுத்தாப்ல வாறவனுக்கும் பச்சை விழுந்திருந்தா?" தமிழ் புரியாவிட்டாலும் பிடி புரியும்; ஆட்டோ நிற்கும். பின்னால் நிற்கிற பஸ் கண்டக்டர் எங்கள் பரம்பரையை வங்காள மொழியில் விசாரிப்பார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சார் அங்கே என் சீனியர். திருநெல்வேலிக்காரர், தமிழர்கள் அதிகமுள்ள லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தார். சந்தேகம் என்ற சொல் வங்காளிகளுக்கும் பழக்கம் என்பதால், அண்ணன் முறையையும் சேர்த்து 'ஷொந்தேஹோ தா' என்றே கூப்பிட்டார்கள். லேக் மார்க்கெட் இட்லிக் கடையில் தினமும் ஒரு விசாரணை நடக்கும்.

"இன்னைக்கு அரைச்ச சட்னியாவே?"

"ஆமா சார்."

"நேத்தும் இதத்தான சொன்னீரு?"

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். சார் சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டு இன்னும் நாலு இட்லி கேட்பார்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்கெல்லாம் எங்கள் பொறுப்பில், இரண்டு சேமிப்புப் பெட்டிகளில் இருந்தது. அவை ஜோடியாக இயங்க வேண்டியவை. ஒன்றில் எழுதுவதை மற்றதும் எழுதிக்கொள்ளும்; ஒன்று படுத்தால் மற்றது வேலையை ஏற்கும். பெட்டிகள் ஏசி அறைக்குள். வெளியே கண்காணிப்புத் திரையில் பெட்டிக்கு ஒன்றாக இரண்டு கட்டங்கள். நலமென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு; கீழே பெட்டியின் சூட்டளவு. மேனேஜர் மித்ரதா காலையில் எட்டிப் பார்த்து, "ஷொப் டிக் ஆச்சே" என்பார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதோடு அவருக்குப் பொழுது விடிந்துவிடும், டீ வந்துவிடும்.

சாருக்கு விடியாது. "பச்சைன்னு யாருடே சொன்னா?"

"திரை சார்."

"திரைக்கு யாரு சொன்னா?"

"பெட்டி சார்."

"பெட்டி பொய் சொன்னா?"

ஒருமுறை நெட்வொர்க் அலாரம் ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்க்க ஒரு கேபிளைப் பிடுங்கினார். அலாரம் பிரமாதமாக அடித்தது. ஆனால் பிடுங்கியது மித்ரதாவின் கம்ப்யூட்டர் கேபிளை. அவர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த அறிக்கை பாதியில் செத்தது. இனி கேபிளைத் தொட்டால் வேலையை விட்டே போகலாம் என்று மித்ரதா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சார் வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம். தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் முதலாவது பெட்டியை நிறுத்தி ஒரு பாகத்தை மாற்றுவதாக ஏற்பாடு. மாற்றி முடிக்கும்வரை இரண்டாவது பெட்டி தாங்கும். திரையில் இரண்டும் பச்சை. சார் மட்டும் பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதப் பெட்டிக்குச் சூடு ஏறுதுல்லா? ரெண்டாவதப் பாரு."

அதற்கும் அதே கணத்தில் அதே அளவு ஏறியது. முதலாவது இறங்கியதும் அதுவும் இறங்கியது.

"ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். ரெண்டும் ஒண்ணாத் தும்முமாடே?"

மித்ரதாவிடம் போய்ச் சொன்னார். "ஷொப் டிக் ஆச்சே" என்று பதில் வந்தது. திரும்பி வந்தவர் என்னைத் திரைமுன் உட்கார வைத்தார். "நான் உள்ள போயி ரெண்டாவது பெட்டி கேபிளப் புடுங்குதேன். நீ பாத்துச் சொல்லு."

"சார், வேலை போயிடும்!"

"போட்டும். நாளைக்கு முதப் பெட்டிய நிறுத்துன பொறவு தெரிஞ்சா, துறைமுகத்துக் கணக்கு அத்தனயும் போயிரும்."

உள்ளே போய்ப் பிடுங்கிவிட்டு அங்கிருந்தே கத்தினார். "என்னடே?"

"பச்சை சார்."

"நல்லாப் பாரு."

"பச்சையேதான் சார்!"

"நீயும் அதுகூடக் கூட்டுச் சேந்துட்டியா?"

சந்தேகம் தீராமல் கேபிளைக் கையோடு கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். எதிரே மித்ரதா நின்றார். இங்கிலீஷும் வங்காளமுமாக நடந்த சண்டையைத் தமிழில் தருகிறேன்.

"எல்லாம் பச்சையா இருக்கும்போது ஏன் பிடுங்கினீங்க?"

"பிடுங்கின அப்புறமும் பச்சையா இருக்கே, அதுக்குத்தான்."

மித்ரதா நம்பவில்லை. இப்போதுதான் கழற்றியிருப்பார், திரை இனிமேல் மாறும் என்று நினைத்தார். என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. என்ன பார்த்தே?"

எதையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் சொன்னேன். "பாத்துக்கிட்டே இருந்தேன் மித்ரதா. பிடுங்குறதுக்கு முன்னாடியும் பச்சை, பிடுங்கின அப்புறமும் பச்சை. சார் சொல்றது நிஜம்."

மித்ரதா உட்கார்ந்து திரையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். பெட்டிகளைப் பொருத்திக் கொடுத்த இன்ஜினியர், இரண்டு கட்டங்களிலும் முதல் பெட்டியின் முகவரியையே எழுதிவிட்டுப் போயிருந்தார். இத்தனை காலமும் ஒரே பெட்டியைத்தான் இரண்டாகப் பார்த்து டீ குடித்திருக்கிறோம். கேபிளைத் திரும்பச் செருகி, முகவரியைத் திருத்தியதும் இரண்டாவது கட்டம் சிவந்தது. அந்தப் பெட்டி எப்போதோ ஜோடியைப் பிரிந்து, ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாமல் சும்மா ரீங்காரம் செய்துகொண்டிருந்திருக்கிறது. மித்ரதாவின் முகம் வெளுத்துவிட்டது. சாருக்கோ மகனுக்கு வேலை கிடைத்த மாதிரி சந்தோஷம். "இப்பத்தாம்டே உண்மையப் பேசுது!"

பாகம் மாற்றுவதைத் தள்ளிப்போட்டார்கள். பெட்டிகளை மறுபடி ஜோடி சேர்த்தோம். "ஷொந்தேஹோ தா, ஒரு தடவை பிடுங்கிப் பாருங்களேன்" என்று மித்ரதாவே கெஞ்சினார். வேலை போகும் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பூஜை விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் சார் பையை எடுத்துக்கொண்டார். வழக்கமாக மூன்று தரம் திரும்பி வந்து திரையையும் பெட்டியையும் பூட்டையும் சோதித்த பிறகுதான் கிளம்புவார்.

"எல்லாம் பச்சையாடே?"

"பச்சைதான் சார்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"அப்பச் சரி" என்றார். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு எத்தனையோ பேர் என்னைப் பாராட்டிவிட்டார்கள். அந்த 'அப்பச் சரி'க்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை.