கிராணி ஏறிய மலை

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜப்பான் துரையை மலையுச்சிக்கு அழைத்துப் போவதென்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் லியோனார்ட் கிராணி முடிவு கட்டினார். முடிவு கட்டிய நேரத்தில் அந்த மலைக்கு அவருக்கு வழி தெரியாது.

தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் நின்ற மலை அது. பிரமாதமான உயரம் என்று சொல்லிவிட முடியாது. விடிந்ததும் ஏறத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டை உச்சியில் முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். முன்பிருந்த ஸ்காட்லாந்துக்காரத் துரை, தன் ஊரிலும் இதே மாதிரி ஒரு குட்டி மலை உண்டென்று சொல்லி, மாதம் ஒருமுறை ஏறுவார். கிராணி கூடப் போவார். எதுவரை? தேயிலைச் செடியின் கடைசி வரிசை வரை. அங்கே ஒரு கல்லில் சாய்ந்து, துரை இறங்கி வரும்வரை தூங்குவார். பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்தார்கள். அந்தத் துரை சிங்கப்பூர்ப் பக்கம் போனார்; இந்தத் துரை வந்தார்.

இவர் பெயர் ஒகாவா. கண்ணாடி போட்டவர், பேச்சுக் குறைவு, படம் வரைவதில் பிரியம். ஒருநாள் ஆபீஸ் ஜன்னல் வழியாக மலையைக் காட்டி, அங்கே போனதுண்டா என்று அரைகுறை மலாயில் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த கிராணிக்குச் சட்டென்று சயாம் ஞாபகம் வந்தது.

சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான் பட்டாளம் ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. நாலு மாதத்துக்கு முன்னால் கிராணியின் மனைவி கத்தரீனுடைய தம்பி மைக்கலை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அடுத்த பட்டியலில் யார் பெயர் வரும் என்பது ஒகாவாவின் பேனாவுக்குத்தான் தெரியும். துரைக்கு வேண்டியவனாகிவிட்டால் பேனா நம் பெயரைத் தாண்டிப் போய்விடும் என்று கிராணி நினைத்தார்.

"மாதா மாதம் போவேன் துவான். எனக்கு அது வீட்டுக் கொல்லை மாதிரி" என்றார்.

அன்று சாயங்காலமே பயணத் திட்டம் எழுத உட்கார்ந்தார். ஆறு மணிக்குப் புறப்பாடு. ஏழரைக்கு முதல் ஓய்வு. எட்டுக்கு இரண்டாம் ஓய்வு. எட்டே காலுக்கு மூன்றாம் ஓய்வு. எழுத எழுத ஓய்வுதான் பெருகியது, வழி வரவில்லை. வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தார். மலைத்துப்போய்த் திரும்பி வந்தார்.

மரவள்ளிக் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த கத்தரீனின் அகப்பை, விஷயத்தைக் கேட்டதும் ஒரு நொடி நின்றது. கிராணி அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனிக்காத விஷயங்கள் அந்த வீட்டில் நிறைய இருந்தன.

அவள் தடுப்பாள், கண்ணைக் கசக்குவாள் என்று எதிர்பார்த்து அவர் பதில்களைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. நல்ல காரியம் என்றாள். அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீர், துரை உட்காரப் பாய், கொறிக்க வறுத்த சோளம் என்று அவளே பட்டியலும் போட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"வழி நல்லாத் தெரியும்லங்க?"

"கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்."

"அதுக்கில்ல. வெள்ளக்காரத் துரை போயி ஒன்றரை வருசமாச்சு, தடமெல்லாம் காடு மண்டிக் கெடக்கும். சனிக்கெழம வெறகுக்குப் போறப்ப நானும் பக்கத்து வீட்டுச் செல்லமும் வெட்டி விட்டுடறோம். திருப்பத்துக்குத் திருப்பம் மரத்துல செவப்புத் துணி கட்டிவைக்கிறோம். துரைக்கு முன்னால நீங்க தடுமாறக் கூடாது பாருங்க."

கிராணியின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது. ஆனால் முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டார். தனக்குத் துணி எதற்கு, ஆனாலும் துரை பார்த்தால் சந்தோஷப்படுவார், கட்டித் தொலை என்று அனுமதி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிராணி சேனாதிபதி மாதிரி முன்னால் நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வலது பக்கம் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், காற்றை மோந்து பார்ப்பார். பிறகு துணி தெரிந்த பக்கம் போவார். ஒகாவா மரியாதையோடு பின்னால் வந்தார். மத்தியானம் சேர வேண்டிய உச்சிக்கு ஒன்பதரைக்கே வந்து சேர்ந்தபோது, தன் கால்களின் வேகத்தைக் கண்டு கிராணிக்கே ஆச்சரியம். மொட்டைப் பாறை. கீழே தேயிலைத் தொழிற்சாலை தீப்பெட்டி போலக் கிடந்தது. ஒகாவா பாயை விரித்துத் தூரிகையை எடுத்தார்.

வரைந்துகொண்டிருந்தவர் திடீரென்று பின்பக்கம் திரும்பினார். அங்கே இதைவிட உயரமாக இன்னொரு மலை. அடர்ந்த காட்டுக்கு நடுவில் நூல் போல ஒரு புகை. அது என்ன மலை, அங்கே யார் என்று கேட்டார்.

கிராணி அந்த மலையை அண்ணாந்து பார்த்தார். அடுத்த ஞாயிறு அதில் ஏறலாம் என்று இந்த மனிதர் சொல்லிவிட்டால்?

"அதுக்குத் தடமே இல்லை துவான். பூராவும் அட்டை. அது புகையும் இல்லை, பனி. அங்கே இப்படித்தான் கிளம்பும். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்."

ஒகாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் உற்றுப் பார்த்தார். அதற்குள் நிஜப் பனியே இறங்கி அந்த மலையை மூடிவிட்டது. தலையை ஆட்டினார். படத்திலும் பனியாகவே தீட்டினார். இறங்கி வந்து விடைபெறும்போது கிராணியின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தட்டிய தோளை ஒரு பக்கம் உயர்த்தியபடியே வீட்டுக்கு வந்த கிராணி, ஒரு கல்லைக் கூட விடாமல் கதையைச் சொன்னார். புகை வந்த இடத்தில் கத்தரீன் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பனின்னா சொன்னீங்க? நம்பிட்டாரா?"

"நம்பாம? வரைஞ்சே வச்சிட்டாரு."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் கிராணி விழித்தார். பிறகு அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஏறியது மலையே இல்லை. விறகுக்காரப் பெண்கள் கட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் மேடு. கீழேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். நிஜ மலை, புகை வந்த மலை. அந்தப் புகைக்கு அடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தவன் மைக்கல். தாப்பா ரோட்டு வளைவில் லோரியிலிருந்து குதித்து, மூன்றாம் நாளே அந்த மலைக்கு வந்து சேர்ந்துவிட்டான். இன்றைக்கு அடுப்பு மூட்டாதே என்று சொல்லி அனுப்பியும் கேட்கவில்லை.

கிராணி கணக்குப் போட்டுப் பார்த்தார். வழி தெரிந்த மனிதராக இருந்திருந்தால் துரையை நேரே மச்சானிடமே கூட்டிப் போயிருப்பார். அப்புறம்தான் மற்றது உறைத்தது. மைக்கல் உயிரோடிருக்கிறான். நாலு மாதமாகத் தினம் மண்டியிட்டு, சயாமிலிருக்கும் மைக்கலைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று ஜெபம் சொல்லிவந்தவர் அவர்தான். ஜெபம் முடிந்து யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டவரும் அவர்தான். இப்போது எல்லாரும் பார்க்கட்டும் என்பதுபோல உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் உடம்பே லேசானது. லேசானதும் ரோஷம் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஆபீஸ்ல துரை மூஞ்சியப் பாத்ததுமே உங்களுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கும்."

யோசித்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

"செல்லத்துக்குத் தெரியும். கங்காணிக்குத் தெரியும். உப்பு குடுக்கிற சீனனுக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துலயே தெரியாதவங்க ரெண்டே பேருதாங்க. அந்த ரெண்டு பேரையும்தான் இன்னிக்கு ஒண்ணா மேட்டுக்கு அனுப்பி வச்சேன்."