பார்க்கில் தற்செயலாகச் சந்தித்தவர்கள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணைப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "போயி சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் அப்படியே போய்விட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் முதலில் கோயிலிலோ ஜவுளிக்கடையிலோ பார்க்கிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். விதி ஒன்றுதான்: கல்யாணம் என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் காற்று வாங்கப் போனதாகக் கணக்கு. யாருக்கும் அவமானம் இல்லை.

(இப்படிப்பட்ட ஏற்பாட்டிலும் ஒருவன் அவமானப்பட முடியும் என்று காட்டியவன் நான்.)

சில வருடங்களுக்கு முன், அக்கா மகள் மலருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் வீட்டுக்கு வந்து, பஜ்ஜியைப் பாராட்டிவிட்டு, சத்தமில்லாமல் ஒதுங்கியிருந்தன. மலர் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, இதுதான் கடைசி. இதுவும் சரியா வரலைன்னா, என்னைய இனிமே யாரு முன்னாடியும் கொண்டாந்து நிறுத்தாதீங்க."

இந்த முறை கந்தர்வக்கோட்டைப் பக்கத்து இடம். அக்கா, "நீதாண்டா எதையும் ஒழுங்காச் செய்வ" என்று முழுப் பொறுப்பையும் தாய்மாமனான என்னிடம் விட்டாள்.

ஒழுங்காகத்தான் செய்தேன். இடம், புதுக்கோட்டை டவுனில் உள்ள பெரிய பார்க். அக்காவும் மலரும் படகுக் குளத்துக்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் அங்கே வைத்திருக்கும் பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அடையாளம், பையனின் அம்மா கட்டியிருக்கும் பச்சைச் சேலை. நான் யதேச்சையாகப் பேச்சுக் கொடுத்து, பார்க்கைச் சுற்றிக் காட்டும் சாக்கில் அவர்களைக் குளத்துக்கு அழைத்துவர வேண்டும். சுற்றிக் காட்டுபவனுக்கு விஷயம் தெரிய வேண்டுமே என்று, பார்க்கின் வரலாற்றைப் பெரியவர்கள் சிலரிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். நடுவில் தொந்தரவு வரக் கூடாது என்று போனைச் சைலன்டில் போட்டேன். (கதையில் இந்த இடம் வந்ததும் எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் நிறுத்திச் சிரிப்பார்கள்.)

பீரங்கியருகே பச்சைச் சேலை இருந்தது. பக்கத்தில் வேட்டி கட்டிய அப்பா, சென்ட் மணக்க ஒரு பையன். போட்டோவில் இருந்தவனுக்கு மீசை மட்டும். இவனுக்குத் தாடியும் இருந்தது. வளர்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"காத்தாட வந்தீங்களா?" என்றேன்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆமாங்க, சும்மா இப்பிடி வந்தோம். நீங்க?"

"நானும் சும்மாதாங்க."

அம்மா அர்த்தத்தோடு சிரித்தார். நானும் அர்த்தத்தோடு சிரித்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆரம்பித்தேன். ராஜா காலத்தில் இந்த இடம் குதிரை லாயத்தை ஒட்டிய திடலாக இருந்தது. விசேஷ நாட்களில் இந்தப் பீரங்கியை வெடிப்பார்கள். அடுத்து பேண்டு மண்டபம். சாயங்கால வேளைகளில் அரண்மனை பேண்டு இங்கே வாசிக்கும். சனங்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு வேலி போய்விட்டது. மண்டபத்தை மூன்று பேரும் மரியாதையாக அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு குட்டி ரயில். வரலாறு எதுவும் இல்லாவிட்டாலும் பார்க்கின் முக்கியமான கவர்ச்சி அதுதான் என்பதால் மூவரையும் ஏற்றிவிட்டேன். பையனின் முழங்கால் அவன் தாடியைத் தொட்டது.

ரயிலிலிருந்து இறங்கிய அப்பா நெளிந்தார். "பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சுங்களா? இன்னும்... ஏதும் இருக்குங்களா?"

"இருக்குங்க. மான் கூண்டு இருக்கு."

மானையும் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க மட்டுமா வந்தீங்க? வீட்டு ஆளுகளும் வந்திருப்பாகளே?"

"அக்காவும் அக்கா மகளும் கொளத்துக்கிட்ட இருக்காங்க."

"அப்பொ அங்கிட்டே போயிருவமே!"

"போவோங்க. வழியில அந்த ஆலமரத்தையும் பாத்துட்டுப் போயிரலாம்."

பையன் முதன்முறையாக வாயைத் திறந்தான். "மரம் எங்கயும் போயிராது சார்."

எவ்வளவு ஆர்வமான பிள்ளை என்று மனம் நெகிழ்ந்து, ஆலமரத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு குளத்துக்கு அழைத்துப் போனேன்.

கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மலரைக் காணோம். குளத்தின் நடுவே, மிதித்து ஓட்டும் அன்னப்பறவைப் படகில், முன்பின் தெரியாத ஒருவனோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள்! குடும்ப மானம் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தது.

"ஏய் மலர்! யாரு அவன்? எறங்குடீ!" என்று கத்தினேன். (குளத்தின் நடுவில் எங்கே இறங்குவாள் என்று அப்போது தோன்றவில்லை.) சுண்டல் விற்பவர் உட்படப் பார்க்கே திரும்பியது. படகும் திரும்பியது. படகில் இருந்தவனுக்கு மீசை மட்டும்.

அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "டேய், கத்தித் தொலைக்காத! அதுதாண்டா மாப்பிள! எத்தன தடவ ஒனக்கு போன் போட்டோம்? அவுக வந்து நின்னு பாத்துட்டு, ஒன்னயக் காணோமுன்னு அவுகளே இங்கிட்டு வந்துட்டாக!"

அவளுக்குப் பின்னால் இன்னொரு பச்சைச் சேலை நின்றது.

யாரும் எடுக்கக் கூடாத பேச்சை அக்கா பார்க்குக்கே கேட்கும்படி எடுத்துவிட்டாள். என் பின்னால் நின்ற அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்பொ எங்களுக்கு எந்தப் பொண்ணுங்க?"

அவர்கள் அறந்தாங்கிக்காரர்கள். மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். வேறொரு பெண்ணைத் தற்செயலாகப் பார்க்க வந்தவர்கள். "பொண்ணு வீட்டு ஆளு ஒருத்தரு வந்து பேச்சுக் குடுப்பாருன்னாக. நீங்க குடுத்தீங்க. நாங்களும் மானு வரைக்கும் வந்துட்டோம்" என்றார் அப்பா. கோபம்கூட இல்லை, கால்வலிதான் தெரிந்தது.

என் அவசரத்தில் இரண்டு கல்யாணங்களைக் கெடுத்துவிட்டேனோ என்று பதறி, அவர்களை அழைத்துக்கொண்டு பெண் வீட்டார் காத்திருப்பதாகச் சொல்லியிருந்த முன்வாசலுக்கு ஓடினேன். நல்லவேளை, அவர்கள் இன்னும் போகவில்லை. பேச்சுக் கொடுக்க வேண்டிய சித்தப்பா, வழியில் பழைய சிநேகிதரைப் பார்த்து அங்கேயே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அறந்தாங்கி அப்பா மூச்சு வாங்க, "அட, நீங்களும் காத்தாட வந்தீங்களா?" என்றதும், எனக்கு அப்போதுதான் சரியாக மூச்சு வந்தது.

ஆனால் மலரின் முகத்தில் எப்படி விழிப்பது? திரும்பும்போது பஸ்ஸில் அவளே என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரையும் மூணு எடத்துல வேணாம்னுட்டாங்களாம் மாமா. படகுல சொன்னாரு. நீங்க கூட இருந்திருந்தா பீரங்கியப் பத்திதான் பேசியிருப்போம்."

"அப்ப... நான் கத்துனது?"

"அதுக்கு அவுங்க அம்மா இன்னும் சிரிச்சிக்கிட்டு இருப்பாங்க. ஆனா நாளைக்கே பேச வாராங்களாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

மலர் கல்யாணம் நன்றாக நடந்தது. அறந்தாங்கிப் பையனின் கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்தது. போனேன். அந்த அப்பா என்னைத் தன் சம்பந்தியிடம், "இவுகதான் எங்களுக்கு மானு காட்டுனவுக" என்று அறிமுகப்படுத்தினார்.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் எந்த வரன் வந்தாலும் அந்த பார்க்கில்தான் சந்திப்பு. நான் இல்லாமல் நடப்பதில்லை; ராசியாம். எனக்கான வேலையை ஒவ்வொரு முறையும் மலர்தான் போனில் சொல்கிறாள்:

"மாமா, நீங்க கண்டிப்பா வந்திருங்க. வந்து, சம்பந்தமில்லாத யாரையாச்சும் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போயிருங்க."