பெண்கள் அணிக்குச் சரிபாதி

செயலாளர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, கதவில் எழுதியிருந்த 'ஆண்கள் அணி' என்ற எழுத்துகளைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பயிற்சியாளரின் வழுக்கைத் தலையில் நீலப் பெயின்ட் தூள் தூளாக உதிர்ந்தது.

"சீக்கிரம் சார். கார் பாலத்தைத் தாண்டிடுச்சாம். வாட்ச்மேன் போன் பண்ணிட்டார்."

"எல்லாத்தையும் சுரண்டி, காய வச்சு, திரும்ப எழுத எங்கய்யா நேரம்?"

"எதுக்கு எல்லாத்தையும்? 'ஆ'வை மட்டும் எடுத்துட்டு 'பெ' போடுங்க. மிச்சம் அப்படியே இருக்கட்டும்."

செயலாளர் ஒரு விநாடி கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். பயிற்சியாளர் போன வருஷம் வேலைக்கு வந்ததிலிருந்து சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான். 'பெ' ஏறியது. பெண்கள் அணிக்காக அந்தக் கால்பந்து கிளப் செய்த முதல் செலவு ஒரே ஒரு எழுத்து.

விஷயம் இதுதான். கிளப்புக்குச் சம்மேளனம் வருஷா வருஷம் உதவித்தொகை கொடுக்கிறது. அதற்கு ஒரே நிபந்தனை, ஆண்கள் அணிக்குப் பாதி, பெண்கள் அணிக்குப் பாதி. செயலாளரும் வருஷா வருஷம் 'சரிபாதி கொடுத்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். பெண்களின் பாதி ஆண்கள் அணி வேனுக்கு டயராகவும், மசாஜ் மேஜையாகவும், செயலாளர் அறையில் ஏ.சி.யாகவும் உருமாறிவிடும்.

அதில் அவருக்கு உறுத்தல் எதுவும் கிடையாது. பெண்களுக்கு மைதானம் கிடைப்பதே ஆண்கள் ஆடி முடித்து, பொழுது சாய்ந்த பிறகுதான். அதற்குள் அவர் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். கண்ணில் படாத ஒன்றுக்கு எதற்குச் செலவு என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. ஒருநாள் அந்த அணி மொத்தமாக மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனது. அதுவும் அவருக்குப் பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. துணி துவைப்பவர் வந்து, உருப்படி குறைந்துபோச்சே என்று குறைப்பட்டபோது.

அணி போனால் என்ன? பாதித் தொகை தவறாமல் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் காலையில்தான் சம்மேளனத்திலிருந்து போன். ஆய்வுக்கு ஆள் வருகிறது. குட்டு உடைந்தால் உதவித்தொகை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் செயலாளர் நாற்காலி பொருளாளருக்குப் போய்விடும். அந்த ஆள் இவர் இல்லாத நேரத்தில் அறைக்குள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுழன்று பார்த்ததாகக் கேள்வி.

கார் வந்து நின்றது. இறங்கியது ஓர் இளம்பெண். தோளில் கறுப்புப் பை, முகத்தில் சிரிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. செயலாளர் நீட்டிய பூங்கொத்தை வாங்கிப் பயிற்சியாளர் கையில் கொடுத்துவிட்டு, அலுவலகத்தைத் தாண்டி விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தாள். கிடங்கு வாசலில் போய் நின்றாள்.

"பெண்கள் அறை இதுதானே?"

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னே அதுதான் பெண்கள் அறை. சிமென்ட் மூட்டைக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் நடுவில் நின்றுதான் அவர்கள் உடை மாற்றுவார்கள். இது இவளுக்கு எப்படித் தெரியும்? பொருளாளர். அந்த ஆளைத் தவிர வேறு யார் வத்தி வைத்திருக்க முடியும்?

"இல்லை மேடம், இது ஆண்கள் அறை. பெண்கள் அறை அந்தப் பக்கம். புதுசு."

ஈரம் காயாத 'பெ'யைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே கண்ணாடி, வெந்நீர், மசாஜ் மேஜை, குஷன் போட்ட பெஞ்சு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனவள் கோடியில் நின்றாள். சுவரோரமாக, இடுப்பு உயரத்தில், வரிசையாக வெள்ளைப் பீங்கான் தொட்டிகள்.

"இது பெண்கள் அறையா?"

பயிற்சியாளர் பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். செயலாளர் அசரவில்லை.

"ஆண்களுக்கு என்னென்ன வசதி உண்டோ, அத்தனையும் பெண்களுக்கும் உண்டு மேடம். ஒண்ணைக்கூடக் குறைக்கலை."

அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். மாலையில் பெண்கள் ஆடும்போது மைதானத்து விளக்கைப் போடுகிறீர்களா, அணைத்துவிடுகிறீர்களா என்று கேட்டாள். இதையும் ஊதியிருக்கிறானா பாவி என்று செயலாளர் பல்லைக் கடித்தார். விளக்கு கண்ணைக் கூசும் அளவுக்கு எரியும் என்று சத்தியம் செய்தார்.

"சரி, அணியைப் பார்க்கலாமா?"

ஓட்டப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்றார். காத்திருக்கிறேன் என்று அவள் உட்கார்ந்தாள். அவர் அலுவலகத்துக்குப் பின்னால் ஓடிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். அம்மாள் அடுத்த தெருவில் தையல் வகுப்பு நடத்துகிறாள்.

"உன் கிளாஸ்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

"ஏழெட்டுப் பேர் இருக்காங்க. எதுக்கு?"

"எல்லாரையும் கூட்டிட்டு உடனே கிளப்புக்கு வா. கால்பந்து ஆடணும்."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

"அன்னிக்கு நான் அந்தக் கிளப் வாசலை மிதிச்சதுக்கு, பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டீங்களே?"

"இப்ப வேலை வந்திருக்கு. வாம்மா."

"ஒருத்தி மாசமா இருக்கா."

"அவ பெஞ்சுல உட்காரட்டும். மாற்று ஆட்டக்காரர்னு சொல்லிக்கலாம்."

பிறகு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நான்தான் கேப்டன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் அந்தப் பதவி அவளிடம்தான் இருக்கிறது. செயலாளர் தலையாட்டினார்.

அடுத்தது ஜெர்சி. பெண்களுக்கென்று கிளப்பில் ஒரு துண்டுத் துணி கிடையாது. மைதானத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த ஆண்கள் அணியை வரிசையில் நிற்க வைத்துப் பயிற்சியாளர் உரித்தார். 'பீரங்கி' என்று எல்லோரும் கூப்பிடும் நட்சத்திர ஆட்டக்காரன் மட்டும் முரண்டு பிடித்தான். தன் பத்தாம் நம்பர் தன் தோல் மாதிரி என்றான். தோல் தலை வழியாக வந்தது. உரிபட்டவர்கள் எல்லோரும் 'ஆண்கள் அறை'யான கிடங்குக்குள் தள்ளப்பட்டார்கள்.

தையல் வகுப்பு பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தது. வியர்வையில் நனைந்த ஜெர்சிகளைக் கையில் வாங்கியதும் அவர்கள் முதலில் பார்த்தது ஓரத்தையலை. இப்படித் தைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டே, தொளதொளவென்று இருந்ததையெல்லாம் குண்டூசி குத்தி அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கேப்டன் பத்தாம் நம்பரை எடுத்துக்கொண்டாள்.

ஆய்வாளர் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். கேப்டனிடம் வந்தாள். "நீங்க எந்த இடத்துல ஆடுவீங்க?"

"எங்க இடம் கிடைக்குதோ அங்க," என்றாள் கேப்டன்.

பயிற்சியாளர் குறுக்கே புகுந்து, நடுக்களம் மேடம், நடுக்களம் என்றார்.

ஆய்வாளர் ஆண்கள் அணியோடு கொஞ்ச நேரம் ஆடிக் காட்டச் சொன்னாள். செயலாளர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆண்கள் அணி கிடங்கிலிருந்து வெளியே வந்தது. இருந்த ஒரே செட் ஜெர்சி பெண்கள் மேல் இருந்ததால் ஒருவன் ஓட்டை பனியனில், ஒருவன் சட்டையே இல்லாமல், ஒருவன் கோல் வலையின் கிழிந்த பாதியைத் தோளில் போர்த்திக்கொண்டு. தலை முதல் கால் வரை சிமென்ட். எங்கேயோ கட்டிடம் இடிந்து விழுந்து, அதிலிருந்து மீட்கப்பட்டவர்கள் போல இருந்தார்கள்.

பெண்கள்தான் ஜெயிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் ஒவ்வொருவன் காதிலும் ஓதியிருந்தார். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று ஆட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. தையல் வகுப்பில் யாரும் ஓடவில்லை. குண்டூசி குத்தும். பந்து பக்கத்தில் வந்தால் மரியாதையாக வழிவிட்டார்கள். ஆண்கள் பந்தைத் தள்ளிக்கொண்டுபோய் அவர்கள் காலடியில் வைத்தார்கள். பீரங்கி மட்டும் தன் பத்தாம் நம்பரைப் பறிகொடுத்த சோகத்தில், போகிற போக்கில் ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து நேராகக் கேப்டனின் வயிற்றுக்கு வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நடந்தே போய்க் கோலுக்குள் வைத்துவிட்டு வந்தாள். பயிற்சியாளர் விசில் ஊதி, கோல் என்று கை காட்டினார்.

"கையால கொண்டு போனாங்களே?" என்றாள் ஆய்வாளர்.

"புது உத்தி மேடம்," என்றார் செயலாளர்.

அவள் பேனாவை மூடினாள். அவர் பயந்த கேள்வி வரவில்லை. வேறொன்று வந்தது. பெண்களுக்கு நல்ல அறை, நல்ல ஜெர்சி, மசாஜ் மேஜை. ஆண்களுக்குச் சிமென்ட் மூட்டை. போடச் சட்டைகூட இல்லை. இதுவா சரிபாதி? ஆண்களுக்கு இவ்வளவு அநியாயம் எதற்கு?

ஆண்களுக்கு அநியாயம் செய்தவன் என்று இந்த உலகத்தில் ஒருவர் தன்னைச் சொல்வார் எனச் செயலாளர் கனவிலும் நினைத்ததில்லை. பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்ததற்கு இப்போது ஒரு காரணம் வேண்டும். நல்ல காரணமாக. கண்ணீர் வரவழைக்கிற மாதிரி.

"மேடம், இந்தப் பொண்ணுங்க எங்களுக்குச் செஞ்சது கொஞ்ச நஞ்சமில்லை," என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் வாய் தானாகவே ஓடியது. ஓர் இறுதி ஆட்டம். கொட்டுகிற மழை. கேப்டனுக்கு முட்டியில் அடி. வேண்டாம் வந்துவிடு என்று இவர் கத்துகிறார். அவள் கேட்கவில்லை. கட்டுப் போட்ட காலோடு நாலு பேரைத் தாண்டிக் கடைசி நிமிஷத்தில் கோல். ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற இவர் குடையை வீசிவிட்டுச் சேற்றில் ஓடிப்போய் அழுதுவிட்டார்.

ஆய்வாளர் அவரை உற்றுப் பார்த்தாள். "பெண்கள் ஆட்டத்தையெல்லாம் நீங்க பார்ப்பீங்களா?"

"ஒண்ணுகூட விட்டதில்லை மேடம்."

"அப்ப கேப்டனை உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"தெரியுமாவா? அந்தப் பொண்ணு எனக்கு மகள் மாதிரி."

பக்கத்தில் நின்ற கேப்டன் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இன்று இரவுச் சாப்பாடு வெளியில்தான் என்பது செயலாளருக்குப் புரிந்தது. பரவாயில்லை. நாற்காலி முக்கியம்.

ஆய்வாளர் முதல் தடவையாகச் சிரித்தாள். கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பார்த்ததையும் கேட்டதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிடுவதாகச் செயலாளரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். இதைவிட நல்ல சான்றிதழ் வேறென்ன வேண்டும்? செயலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பொருளாளரின் முகம் ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சுருங்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

கேட் அருகில் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. வாட்ச்மேன் குனிந்து ஏதோ பேசினார், சிரித்தார், அவளும் சிரித்தாள். கார் போனதும் செயலாளர் பாய்ந்து ஓடினார்.

"என்னய்யா அவ்வளவு நேரம் பேச்சு? பொருளாளர் பேரு அடிபட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க ஐயா. என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டாங்க."

"உனக்குப் பொண்ணு இருக்கிறது அவளுக்கு எப்படித் தெரியும்?"

வாட்ச்மேன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னங்க ஐயா இப்படிக் கேக்குறீங்க, நம்ம பெண்கள் அணி கலையுற வரைக்கும் அதுக்குக் கேப்டனா இருந்தது அவங்கதானே."