பானெட்டில் நின்ற காசு

மூன்றாவது முறையும் காசு விழுந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த பழைய பிக்கப் வண்டியின் பானெட்டில் உருண்டு, பெரியவரின் செருப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அவருடைய அப்பா வாங்கிய வண்டி. இன்ஜின் ஓடும்போது பானெட்டின் இடது மூலையில் ஒரு காசைச் செங்குத்தாக நிறுத்துவார் அப்பா. அது அசையாமல் நிற்கும். அவருக்குப் பின் இவர், ஞாயிறு தவறாமல், தெருவே பார்க்க நிறுத்திவந்தார். "எங்க வீட்டு வண்டியும் ஆடாது, வார்த்தையும் ஆடாது" என்று சம்பந்தியிடம் சொல்லியிருந்தார்.

மூன்று புது வேன் வைத்திருக்கும் சம்பந்தி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "காசு நின்னா நான் மீசையை எடுத்துடறேன். விழுந்தா நீங்க எடுங்க."

"ஆகட்டும்" என்றிருந்தார் பெரியவர். இன்று நான்கு மணிக்குச் சம்பந்தி வருகிறார்.

அதற்காகத்தான் காலையில் வண்டியைத் தன் கையாலேயே சோப்புப் போட்டு, பிசுக்கில்லாமல் தேய்த்துக் கழுவினார். அப்பா காலத்திலிருந்தே வண்டியைக் கழுவுகிற டிரைவர் முழங்கால் வலியென்று மூன்று நாளாக வரவில்லை.

இப்போது உற்றுப் பார்த்தால் பக்கக் கண்ணாடி நடுங்கியது. கதவு கடகடத்தது. நின்ற இடத்திலேயே இன்ஜின் மூச்சு வாங்கியது.

"ஆடுதே" என்றார்.

"எப்பவும் ஆடுறதுதானே?" என்றாள் மனைவி. "அந்தச் சத்தத்தை வெச்சுத்தானே நீங்க தெருமுனைக்கு வந்ததும் நான் டீ போடுறேன்."

"உனக்கென்ன தெரியும் இன்ஜினைப் பத்தி."

"தெரிஞ்ச மெக்கானிக் எதிர்லயே இருக்கான். கூப்பிடவா?"

"இந்த வண்டி மேல வெளியாள் கை பட்டதில்ல. நான் இருக்கிற வரைக்கும் படாது."

பிளக்குகளில்தான் கோளாறு என்று நினைத்தார். நான்கையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்பதில் மட்டும் சின்னக் குழப்பம். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் பட்டாசாய் வெடித்த சத்தத்தில் எதிர்க்கடை மெக்கானிக் வாசலுக்கே வந்துவிட்டான். பெரியவர் அவனைப் பார்க்காததுபோல் வானத்தைப் பார்த்தார்.

வயர்களை மாற்றி மாட்டிவிட்டு, கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று திருப்பினார். இன்ஜின் அலறியது. திரும்ப அரைச் சுற்று திருப்பியதும் அணைந்தது. சரி, உள்ளே அழுக்கு அடைத்திருக்கும் என்று கார்புரேட்டரையே பிரித்து, பெட்ரோலில் கழுவிப் பூட்டினார். பூட்டி முடித்தபோது கீழே விரித்திருந்த கோணியில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது.

"இது எங்க போகணும்?" என்றாள் மனைவி.

அவர் பதில் சொல்லாமல் சாவியைத் திருப்பினார். வண்டியும் பதில் சொல்லவில்லை.

"இப்ப ஆட்டம் சுத்தமா நின்னுடுச்சு. காசை வெச்சுப் பாருங்க."

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. செத்த இன்ஜின் மேல் காசை நிறுத்தினார்.

விழுந்தது.

பெரியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் கையால் மீசையைத் தடவிக்கொண்டார். உள்ளே சுவரில் படமாக இருந்த அப்பாவின் மீசையை ஏறிட்டுப் பார்க்க அவருக்கு முகமில்லை.

நான்கு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது டிரைவர் விந்தி விந்தி வந்தார்.

"எதுக்குங்க ஐயா இவ்வளவையும் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"வண்டியைக் கழுவினேன்பா. அப்புறம் காசு நிக்கல. நம்ம குடும்பத்து மானமே போச்சு."

"கழுவிட்டீங்களா" என்று டிரைவர் தலையில் கை வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்து, பானெட்டின் இடது மூலையில் அழுத்தித் தேய்த்துக் காசை வைத்தார்.

நின்றது.

வாசலில் சம்பந்தியின் ஹாரன் கேட்டது.

"மன்னிக்கணும்யா" என்றார் டிரைவர், குரலைத் தாழ்த்தி. "கழுவினதும் இங்க மெழுகு தேய்க்கணும், ஆனா 'என் பையனுக்கு மட்டும் இது தெரியக்கூடாது'ன்னு உங்க அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாருங்க."