ஒத்தவெடி அண்ணாச்சியும் எதிரி மாமரமும்

பூலோகத்தில் மாமரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஒத்தவெடி அண்ணாச்சி. இன்னொருவர் இருப்பதாக யாராவது கடிதம் எழுதுவதாக இருந்தால், அந்த ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடுகிறேன்.

அது ஐம்பதுகளின் கடைசி. தென்காசிப் பத்திர ஆபீஸ் வாசலில், தகரக் கொட்டகையின் கீழ் ஏழெட்டுப் பேர் சாய்வு மேசை போட்டு, கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி எனக்குப் பக்கத்து மேசை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. ஆனால் கொட்டகையை ஒட்டி ஒரு மாமரம் நின்றது. தை கடைசியில் அது பூத்ததோ இல்லையோ, அவருக்குக் கண் சிவக்கும், மூக்கு ஒழுகும், அப்புறம் தும்மல். நீங்களும் நானும் தும்மினால் இரண்டு மூன்று சேர்ந்து வரும். அவருக்கு ஒன்றே ஒன்று. தகரம் அதிர ஒரு வெடி, அதோடு சரி. அடுத்தது கால் மணி நேரம் கழித்து. மா ஓய்ந்தால் புங்கை, புங்கை ஓய்ந்தால் வேம்பு என்று சித்திரை முடிய இதே கூத்து.

ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் யோகம் என்பது நம் ஜனங்களின் சட்டம். நிலம் எழுத வருகிறவன் ராகுகாலம் பார்த்து, எமகண்டம் பார்த்து, பூனை குறுக்கே போகாத தெருவாகப் பார்த்து வருகிறான். அவன் காதுக்குப் பக்கத்தில் ஒற்றை வெடி வெடித்தால் நிற்பானா? ஒரு தடவை கடையத்துக்காரர் ஒருவர் என் மேசையில், அவர் மேசையில் இல்லை, என் மேசையில், பெருவிரலில் மை தடவிப் பத்திரத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டார். அந்த நேரம் பார்த்து வெடித்தது. “இன்னைக்கு வேண்டாம்யா” என்று மையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு போய் பஸ் ஏறிவிட்டார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

“அண்ணாச்சி, மூணு மாசம் வீட்டுலதான் கிடந்தா என்ன?” என்று கத்தினேன்.

“ஏன் வே, மரம் ஜம்முனு இங்கன நிக்கும், மனுசன் வீட்டுக்குள்ள கிடக்கணுமோ? மொதல்ல அந்தச் சனியனை வெட்டச் சொல்லும்!”

சொன்னதோடு விடவில்லை, மரத்துக்கு எதிராக ஆபீசருக்கு மனு எழுதினார். பத்திரம் எழுதிப் பழகின கை அல்லவா, மனுவிலும் நான்கு எல்லை போட்டுவிட்டார். ‘கக்கூஸ் சுவருக்கு மேற்கு, கிணற்றுக்கு வடக்கு, ரோட்டுக்குத் தெற்கு, என் மூக்குக்குக் கிழக்கு, இதற்குட்பட்ட மாமரம் ஒன்று, பூ, பிஞ்சு, தூசி சகிதம்.’ ஆபீசர் வீட்டு மாவடு அந்த மரத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. மனு என்ன கதியாகும்? ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகியிருக்கும்.

டாக்டரிடம் போனார். உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளியும் என்றார் டாக்டர். அவரோடும் மல்லுக்கு நின்றார். “சூடுன்னா வைகாசி வெயில்ல ஏன் நிக்குது? ஒரு மழை பெஞ்சா மறுநாள் ஏன் நிக்குது? பூத்தூளு காத்துல வருது டாக்டரே. நான் சொல்லுதேன், நீரு எழுதிக்கிடும்!” டாக்டர் சிரித்தார். வெளியே வந்து சொன்னபோது நாங்களும் சிரித்தோம். இன்றைக்கு அதையே கோட்டுப் போட்ட ஆட்கள் ஒவ்வாமை என்கிறார்கள், எல்லோரும் பயபக்தியாகக் கேட்டுக்கொள்கிறோம். அன்றைய சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

யாரும் கேட்காததால் தனக்குத் தானே வைத்தியரானார். எந்த மரம் எந்த வாரம் பூக்கிறது என்று ஒரு நோட்டு. காற்று வீசும் காலையில் தலை காட்டுவதில்லை. வெளியே வந்தால் மூக்கை மூடி ஈரத் துண்டு. ஆபீஸ் கிணற்றடியில் உப்புத் தண்ணீரை மூக்கால் உறிஞ்சிச் சிந்துவார், அந்தச் சத்தத்தில் மாடு மிரளும். வீடு திரும்பினால் முதலில் குளியல், சட்டை மாற்றல், அப்புறம்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை மிதித்துக் குற்றாலம் போய்விடுவார். மாசியில் அருவி என்பது பாறையில் ஒட்டின ஈரம். அதில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்.

எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் ஒருவன், “அண்ணாச்சி, தண்ணி ஆனியிலல்லா விழும்?” என்று கேட்டானாம்.

“தண்ணிக்கு எவம்லே வந்தான்? தூசியில்லாத மூச்சு நாலு விட வந்தேன். போலே!”

ஆனி பிறந்து சாரல் அடித்ததும் ஊரே சளி பிடித்து மூக்கைச் சிந்தும். இவர் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். “என்ன வே, சளியா?” என்று என்னைக் கேட்பதில் மனுஷனுக்கு அத்தனை சந்தோஷம்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. அவர் மகள் வடிவு, தாயில்லாத பெண். மாசியில் பார்க்க வந்த இரண்டு வரன்களும் அப்பன் தும்மின தும்மலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டன. மூன்றாவது வரன் சுரண்டையிலிருந்து வந்தது. பையனுக்கு வடக்கே மிலிட்டரியில் வேலை. லீவும் மாசியில்தான், அதற்குள் நிச்சயம் செய்தாக வேண்டும். இதுவும் தட்டினால் சகுனம் கெட்ட வீடு என்று பேர் நிலைத்துவிடும். அப்புறம் எவன் வருவான்?

அண்ணாச்சி என் மேசைக்கு வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

“வே, அன்னைக்கு நான் அருவிக்குப் போயிருதேன். எனக்குப் பதிலா நீரு தட்டு மாத்திரும்.”

எனக்கு வந்ததே கோபம்! “பெத்த அப்பன் பாறையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், அடுத்த மேசைக்காரன் தட்டு மாத்தணுமா? பேசாம இரும். நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொண்டேன். அவர் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் ஈரத் துணி கட்டினேன். வருகிறவர்கள் முகம் கை கால் கழுவ வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல காரியமாயிற்றே, தோரணம் இல்லாமலா என்று விடியற்காலையில் ஆபீஸ் மாமரத்தில் கொப்பு கொப்பாக ஒடித்து நிலைப்படியில் கட்டினேன். இலையோடு பூவும் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் மூளையை அன்றைக்கு எந்த ஜாடியில் ஊறப் போட்டிருந்தேனோ!

சுரண்டைக்காரர்கள் வந்தார்கள். முகம் கழுவினார்கள். பையனின் தாய்மாமா ஆள் நல்ல உயரம். நிலைப்படியில் நுழையும்போது தோரணம் அவர் தோள் துண்டை முழுக்கத் தடவிவிட்டது. அவரே போய் அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்தார். மடியிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்துவிட்டுப் பாயில் வைத்தார். அண்ணாச்சி தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார். மாமா மரியாதையாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, நாலு உதறு உதறி, இடுப்பில் கட்டினார்.

அண்ணாச்சி முகம் கோணியது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்புறம் வெடித்தது. ஒன்று.

மாமா எழுந்தார். “ஒத்தைத் தும்மல். சகுனம் சரியில்ல. எல்லாரும் எந்திரிங்க.”

அண்ணாச்சி கையில் இருந்த தட்டு சாய்ந்தது. வெற்றிலை ஒன்று சரிந்து விழுந்தது. எனக்கு அந்த மாமா மேல் கோபம், சட்டம் போட்ட ஜனங்கள் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே தோரணம் கட்டின இந்தக் கையின் மேல் கோபம். பாய்ந்து போய் மாமாவின் பொடிமட்டையையே எடுத்து, கிடைத்ததை அள்ளி இரண்டு மூக்கிலும் அடைத்தேன்.

ஐயோ! கண் இருண்டது. தும்மினேன், தும்மினேன், தூணைப் பிடித்துக்கொண்டு தும்மினேன். நிறுத்த வழி தெரியவில்லை. ஒருவழியாக ஓய்ந்து நான் மூக்கைத் துடைத்தபோது உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்க அப்பாவுக்கு ஒண்ணு, பக்கத்து மேசை மாமாவுக்குப் பதினொண்ணு. ஆகப் பன்னெண்டு. ரெட்டைதான்!”

வடிவுதான். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்!

மிலிட்டரிக்காரப் பையன் குபீரென்று சிரித்தான். “உக்காருங்க மாமா. ஆறு ஜோடி சகுனம் வேற எங்க கிடைக்கும்?”

மாமா என்னைப் பார்த்தார், காலியான மட்டையைப் பார்த்தார், உட்கார்ந்தார். தட்டு மாறியது.

அண்ணாச்சி எனக்கு நன்றி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சுரண்டைக்காரர்கள் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, “மாம்பூவைக் கொண்டாந்து எந்தலைமேல கட்டின மடையன் நீருதானா வே?” என்று தோரணத்தைப் பிய்த்து என் மேலேயே வீசினார். நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

ஆனால் மறு வருஷம் தை கடைசியிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவர் மேசையில் வெடித்தால், நான் எழுதிக்கொண்டே பொய்யாக ஒரு தும்மல் போடுவேன். பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் நிம்மதியாகப் பெருவிரலை அழுத்துவார். சாரலில் எனக்குச் சளி பிடித்துத் தும்மினால், அந்தப் பக்கமிருந்து அவர் ஒன்று போடுவார். அவர் போடுகிற பொய்த் தும்மல் கேட்கச் சகிக்காது. “உம்ம ஆளு ஓடிரக் கூடாதுல்லா வே” என்பார், தலை நிமிராமலே.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசியில், எந்த மரமும் பூக்காத மாதத்தில், அண்ணாச்சி போய்விட்டார். மாமரம் இன்னும் நிற்கிறது. இந்த மாசியில் அதன் கீழே உட்கார்ந்து ஒரு கிரயம் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு தும்மல் வந்தது. ஒற்றை. கட்சிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைப் பிடித்தபடி, பக்கத்து மேசைப் பக்கம் திரும்பிக் காத்துக்கொண்டிருந்தேன்.